கத்திக்கும் ஒரு பிறப்பு அத்தாட்சி வேணும்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வருடா வருடம் ஜூன் மாதத்தில் கத்திக்கென்றே ஒரு கண்காட்சி கூடுகிறது. ஜப்பானில் செகி என்ற ஊர் ஒக்டோபரில் கத்தித் திருவிழா நடத்துகிறது. பிரான்ஸில் தியேர், ஜேர்மனியில் சோலிங்கன் என்று கத்தியால் பேர் பெற்ற ஊர்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. செய்தவர் மேசைக்குப் பின்னால் நிற்பார். சேகரிப்பவர் முன்னால் நிற்பார். இரண்டு பேருக்கும் நடுவில் கத்தி கிடக்கும். பேச்சு அதைப் பற்றியே நடக்கும்.

நம்ம நாட்டில் கத்திக்கென்று தனியாகக் கூடும் கண்காட்சி எதையும் நான் பார்த்ததில்லை. கிட்ட வரக்கூடியது தேசிய அருங்கலைகள் பேரவை நடத்தும் சில்ப அபிமானிதான். முதலில் மாகாண மட்டத்தில் போட்டி, பிறகு தேசிய மட்டத்தில் போட்டியும் கண்காட்சியும். பன்பாய், பிரம்பு, மண்பாண்டம், சிரட்டை வேலை, பித்தளை என்று கைப்பணி எல்லாம் அதில் அடங்கும். இரும்பு வேலைக்காரர் வந்தால் ஒரு மூலையில் ஒன்றிரண்டு மேசை கிடைக்கும். திருகோணமலைக்காரன் கத்தி பார்க்கப் போக வேண்டிய மற்ற இடங்கள் கம்மாலை, பழைய சாமான் கடை, கொழும்பு தேசிய நூதனசாலை. நாலாவது இடம் நம்ம குசினியும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் றங்குப் பெட்டியும். அதை ஒருத்தரும் கண்காட்சி என்று நினைக்கிறதில்லை.

கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னால் நம்ம ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். "இதெல்லாம் வெச்சிருந்து என்னத்துக்கு? கரைச்சல்தானே" என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மேசையில் கிடக்கும் கத்தியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன்.

தூக்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். உலகத்தில் எந்தக் கத்திக் கண்காட்சிக்குப் போனாலும் முதலாவது ஒழுங்கு இதுதான். கேட்டு எடுத்த பிறகு அலகில் விரல் படக்கூடாது. வியர்வையின் உப்பு ஒரு இரவிலேயே இரும்பில் கறள் வைக்கும். திருப்பிக் கொடுக்கும்போது வாயும் முனையும் வாங்குபவர் பக்கம் போகாமல் பிடியைக் கொடுக்க வேண்டும், அல்லது உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். உருவிய வாளை அப்படியே ஒருவருக்குக் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அம்போடு பள்ளிக்குள் வருபவர் அதன் கூரைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற செய்தி புகாரியில் வருகிறது. உழ்ஹிய்யாவுக்கு முன் கத்தியைத் தீட்டிக்கொள்ளும்படியான ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் உண்டு. அதைப் பெருநாள் குத்பாவில் வருடா வருடம் கேட்கிறோம். முந்தின இரண்டையும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

கையில் வந்த பிறகு வாயைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். கூர் எந்தக் கத்திக்கும் அரை மணி நேரத்தில் வைக்கலாம். முதுகில்தான் கொல்லனின் கை தெரியும். பிடியடியில் தடித்து, முனைக்குப் போகப் போக ஒரே சீராக மெலிந்தால் அது சுத்தியலால் இறக்கிய கத்தி. தொடக்கத்திலிருந்து முனைவரை ஒரே தடிப்பென்றால் தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அது குற்றம் இல்லை. ஆனால் விலை வேறாக இருக்க வேண்டும். பிறகு கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: தோய்ச்சலில் வளைந்த அலகு ஒரு பக்கம் சாயும். அலகின் இரும்புக்காம்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். பிடியின் கடைசிவரை போய் மறுபக்கம் மடக்கி அடித்திருந்தால் அந்தக் கத்தி பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும். பாதியில் நின்று அரக்கில் ஒட்டியிருந்தால் விறகில் ஓங்கி வெட்டக்கூடாது. பிடியும் அலகும் சேரும் இடத்தில் பூண் ஆடுதா என்று பெருவிரலால் ஒருக்கா அழுத்திப் பார்த்தால் போதும்.

கொல்லரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "அண்ணே, இது எந்த இரும்பு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "லொறி வில்தகடு" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். வில்தகடு நல்ல உருக்கு, நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் கரி இருக்கும், அடி தாங்கும். நல்ல கொல்லர் அதைச் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்பார். காந்தம் விட்டுப்போவது சுமார் 770 பாகையில். கொல்லரிடம் வெப்பமானி கிடையாது, நிறத்தைக் கண்ணால் பார்த்தே அறிவார். தோய்த்த அலகு கண்ணாடி மாதிரி, விழுந்தால் உடையும். அதனால் இரண்டாவது தடவை மெல்லிய சூடு காட்டுவார். துடைத்து வைத்த அலகில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு கபிலம், ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வாய் கடினமாக இருக்கும். நீலத்தில் நிறுத்தினால் வளைந்து கொடுக்கும், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். மீன் வெட்டுகிற கத்திக்கு எந்த நிறம், காட்டுக்கத்திக்கு எந்த நிறம் என்று அவர் சொல்லத் தொடங்கினால் கொப்பியை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கத்தியை வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது கண்காட்சி மேசைகளிலும் கடைகளிலும் தண்ணீர் அலை மாதிரி கோலம் ஓடும் அலகுகளை "டமஸ்கஸ்" என்று விற்கிறார்கள். இந்தப் பேரால் ஏமாறுகிறவர்கள் நிறைய, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்று விற்பனைக்கு வருவது இரண்டு வகை உருக்கை அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து, கடைசியில் அமிலத்தில் தோய்த்துக் கோலத்தைத் தெரிய வைத்தது. பாகிஸ்தானின் வஸீராபாத் ஊரில் இது பெரிய தொழில். அழகுதான். ஆனால் அரபு எழுத்தாளர்கள் புகழ்ந்த பழைய வாளின் உருக்கு வேறு. அது மூடிய மண்குகையில் இரும்பையும் கரியையும் சேர்த்து உருக்கி ஆறவிட்ட கட்டி. கோலம் அந்தக் கட்டிக்குள்ளேயே விளைந்தது. ஐரோப்பியர் அதை "வூட்ஸ்" என்றார்கள். கன்னடத்து "உக்கு", தமிழ் "உருக்கு" எல்லாம் அந்தச் சொல்லோடு ஒரே குடும்பம்.

இந்தக் கதையில் நம்ம தீவுக்கும் பங்கு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்-கிந்தீ வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு ரிஸாலா எழுதினார். எந்த உருக்கு எந்த நாட்டுடையது, எதை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் அதன் பொருள். இன்றைய சேகரிப்பாளன் செய்கிற வேலையேதான். ஸரந்தீப் உருக்கும் அதில் இடம்பெறுகிறது. அந்த உருக்கு எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு 1990களில் ஒரு விடை கிடைத்தது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது நடந்த அகழ்வாய்வில், மலைச்சரிவுகளின் மேற்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக இரும்புலைகள் இருந்ததை கில் ஜூலெஃப் என்ற பெண் ஆய்வாளர் வெளிக்கொண்டு வந்தார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றே ஊதும்படி கட்டிய உலைகள். அதே மாதிரி உலையைத் திரும்பக் கட்டி, காற்று வீசும் காலத்தில் எரித்துப் பார்த்ததில் கரி கூடிய நல்ல உருக்கு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டுவரை அந்தத் தொழில் செழித்திருக்கிறது, அதாவது அல்-கிந்தீ எழுதிய காலமும் அதற்குள்தான் விழுகிறது. ஆகவே யாராவது மேசைக்குப் பின்னால் நின்று "இது டமஸ்கஸ், அறபு நாட்டுச் சாமான்" என்றால், அந்த நாட்டு வாளுக்கு உருக்குக் கொடுத்த மலை நம்மிடம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

சிங்கள மரபின் கத்தியில் சேகரிப்போர் அதிகம் தேடுவது பிஹகெட்ட. ஆங்கிலேய ஏலக்கடைகளில் இதற்குத்தான் கூட விலை. கண்டி அரச காலத்தில் பட்டல் ஹத்தர என்ற நான்கு அரச பட்டறைகளின் கைவினைஞர்கள் செய்த வேலையின் உச்சம் அது. அலகு கனமாக, ஒரு பக்கம் மட்டும் வாயோடு இருக்கும். பிடியடியில் வெள்ளியும் பித்தளையும் பதித்துக் கொடிவேலை. பிடி கொம்பு, தந்தம், கருங்கோரல், மரம் என்று சொந்தக்காரரின் வசதிக்குத் தக்கபடி. பல உறைகளில் ஓலையில் எழுதும் எழுத்தாணியும் கத்தியோடு சேர்ந்தே கிடக்கும். வெட்டுவதும் எழுதுவதும் ஒரே இடுப்பில். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த வேலைப்பாடு விரிவாக இருக்கிறது. அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முந்தின சாட்சி ஒருவர் நம்ம கொட்டியாரக் குடாவிலிருந்துதான் கண்டிக்குப் போனார். 1660இல் மூதூரில் பிடிபட்ட றொபர்ட் நொக்ஸ்தான் அவர். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூலில் கண்டி நாட்டார் இரும்பு உருக்கும் விதமும், பித்தளையும் வெள்ளியும் பதித்த அவர்களுடைய குறுவாளும் வருகின்றன.

பிஹகெட்ட வாங்க நினைப்பவர் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியைக் கோடாக வைத்தது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்திய கைப்பொருள் தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் அனுமதிக்குள் வைக்கிறது. லண்டனில் இருக்கிற மச்சான் "எனக்கு ஒண்டு கொண்டு வா" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். தந்தப் பிடியென்றால் அங்கேயும் கரைச்சல்: பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாங்காமல் பார்க்க மட்டும் ஆசையென்றால் கொழும்பு நூதனசாலைக்குப் போங்கள். 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் நம்ம வாப்பிச்சி மரிக்கார். கூலிக்கு மேல் என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடுங்கள் என்று அவர் கேட்டதாக நம்ம சமூகத்தில் வழங்கும் கதை எல்லாருக்கும் தெரியும்.

என் சொந்த ருசியைச் சொன்னால், வெள்ளி பதித்த கத்தியைவிடத் துறைமுகத்துக் கத்தியில்தான் எனக்கு மோகம். திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்து 1957இல்தான் கைமாறியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கீழைக் கடற்படை இங்கே நின்றது. கப்பல் போனாலும் சாமான் நின்றது. மாலுமிகளின் மடக்குக்கத்தி அப்படித் தங்கிய ஒன்று: ஒரு பக்கம் அகலமான அலகு, முதுகுப் பக்கம் கயிற்று முடிச்சை அவிழ்க்கும் கூரான இரும்பு முள், சிலவற்றில் தகரம் திறக்கும் அலகும் உண்டு, கடைசியில் கயிறு கட்ட வளையம். அதில் மூன்று கோடாலான ஒரு சின்ன அம்புக்குறி குத்தியிருந்தால் அது பிரித்தானிய அரசாங்கச் சொத்தாக இருந்தது என்று அர்த்தம். பக்கத்தில் வருடமும் குத்தியிருப்பார்கள். எங்கட ஊரில் வலைக்காரர்கள் பல பேர் அதை வைத்து வலை வேலை செய்தார்கள். அம்புக்குறி எதற்கு என்று கேட்டால் "கொம்பனி மார்க்" என்பார்கள்.

குறி வாசிக்கத் தெரிந்தால் பழைய சாமான் கடையில் பாதிப் பொய் அடிபட்டுப் போகும். ஷெஃபீல்டின் ஜோசப் றொட்ஜர்ஸ் கம்பனிக் கத்தியில் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்ட்டாச் சிலுவையும் இருக்கும். கிரீடத்துக்கு இரு பக்கமும் வீ, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா ராணி காலம். ஜீ, ஆர் என்றால் ஜோர்ஜ் மன்னர்கள் காலம். அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த தீர்வைச் சட்டத்தால் செய்த நாட்டின் பேரைப் பொருளில் போட வேண்டிய கட்டாயம் வந்தது. அதனால் அலகில் "இங்கிலாந்து" என்ற பேர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. கறள்பிடிக்காத உருக்கை ஷெஃபீல்டில் ஹரி பிறியர்லி உருக்கியது 1913இல். ஆகவே "ஸ்டெயின்லெஸ்" என்று குத்திய கத்தியைக் காட்டி "இது நூற்றைம்பது வருசப் பழசு" என்று சொல்லும் கடைக்காரருக்கு ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

மலாய்ச் சகோதரர்களின் வீடுகளில் கிறிஸ் இருக்கும். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களோடும் படைவீரர்களோடும் வந்த பொருள். பிரித்தானியர் காலத்தில் மலாய்க்காரர் நிறைந்திருந்த இலங்கை றைஃபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்ட பிறகு அவை ஆயுதம் என்ற நிலையிலிருந்து குடும்ப முதுசம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. அலகு அடியில் ஒரு பக்கம் அகன்று, பாம்பு மாதிரி வளையும், நேரானதும் உண்டு. வளைவை எண்ணினால் ஒற்றைப்படையாக வர வேண்டும். இரட்டைப்படையாக வந்தால் உல்லாசப் பயணிக்குச் செய்தது என்று சந்தேகிக்கலாம். கிறிஸ் மேல் இருக்கும் மந்திரக் கதைகளை நான் இங்கே எழுதவில்லை. வேலைப்பாட்டுக்கு அது தேவையும் இல்லை.

இனி நம்ம வீடு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயற்காரர் வீடுகளில் தாக்கத்தி இருந்தது. வெட்டு மெசின் வந்த பிறகு கூரையில் செருகியபடியே கறள்பிடித்துப் போகிறது. காடு வெட்டக் காட்டுக்கத்தி, தேங்காய்க்குக் கொடுவாக்கத்தி, கருவாட்டுக்கு அகன்ற மீன்கத்தி, உழ்ஹிய்யாவுக்கு மட்டும் எடுக்கிற நீளக் கத்தி, உம்மாமாரின் பாக்குவெட்டி. பாக்குவெட்டியைக் கத்தி என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் தாயிடமிருந்து மகளுக்குப் போகிற ஒரே இரும்புச் சாமான் பல வீடுகளில் அதுதான். பித்தளையில் கிளி, குதிரை என்று உருவம் வைத்ததும் உண்டு, உருவம் வேண்டாம் என்று கொடி மட்டும் வைத்துச் செய்வித்ததும் உண்டு. இந்த இரண்டாவது வகையை யாராவது தேடிச் சேர்த்தால் அது ஒரு ஆய்வாகவே நிற்கும்.

ஏன் தேட வேண்டும், ஏன் அவசரம் என்பதற்குத்தான் மேலே விட்ட பயத்தின் கதை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடெங்கும் தேடுதல் நடந்தது. மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி பொதுமக்களுக்கு அறிவிப்பு வந்தது. அன்றாட வேலைக்குப் பாவிக்கும் கத்திக்கு விலக்கு என்றும் சொன்னார்கள். அந்த நாட்களில் நாட்டுக்கு என்ன தேவைப்பட்டது என்பதில் எனக்கு வாதம் இல்லை. எனக்குள்ள கேள்வி சேகரிப்பாளனின் கேள்வி: "அன்றாட வேலை" என்பதை யார் எப்படி நிரூபிப்பது? வருடத்தில் ஒரு நாள் எடுக்கிற உழ்ஹிய்யாக் கத்தி அன்றாடமா? வயல் இல்லாத வீட்டில் கிடக்கும் மூத்தவாப்பாட காட்டுக்கத்தி? சுவரில் தொங்கிய கிறிஸ்? பதில் தெரியாத வீடுகள் பயத்தில் தாமாகவே முடிவெடுத்தன. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அவரது வாப்பாவின் மாலுமிக் கத்தியை ஒரு சாரத்துண்டில் சுற்றிக் கடலில் போட்டார். அது அம்புக்குறி போட்ட கத்தி. நான் ஒரு தடவைதான் அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன், வருடத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. கிணற்றில் போட்டவர்கள், மண்ணில் புதைத்தவர்கள் கதையும் கேள்விப்பட்டேன். புதைத்த கத்தி இந்த உப்பு மண்ணில் ஐந்து வருடத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

இது நமக்குப் புதிது, உலகத்துக்குப் புதிதில்லை. 1854இல் மலபாரில் பிரித்தானிய அரசு மாப்பிள்ளைகளின் போர்க்கத்தியை வைத்திருப்பதே குற்றம் என்று ஒரு சட்டம் போட்டது. கலெக்டர் கொனோலி ஊர் ஊராகப் போய்க் கத்தி சேகரித்தார். வில்லியம் லோகன் எழுதிய மலபார் மேனுவலில் கணக்கு இருக்கிறது: 1855 ஜனவரி 31ஆம் திகதிவரை 2,725, பிறகு இன்னும் 4,836, மொத்தம் 7,561. எண்ணிக்கை கடைசி இலக்கம்வரை இருக்கிறது. ஆனால் அந்த 7,561இல் ஒன்றைக்கூட இன்னார் செய்தார், இன்ன ஊர்க் கம்மாலை, இன்ன குடும்பத்தில் இத்தனை தலைமுறை என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை. வாங்கிக்கொண்டவருக்கு அது தேவைப்படவில்லை, கொடுத்தவர் எழுதி வைக்கவில்லை. மாப்பிள்ளைகள் அகன்ற இடுப்புப்பட்டையில் செருகிய கத்தி மட்டும் மலப்புறம் கத்தி என்ற பேரில் பிழைத்து, இன்று கேரளத்தில் நினைவுப் பொருளாகச் செய்து விற்கப்படுகிறது. வடிவம் இருக்கிறது. பழைய கொல்லர்கள் எந்த இரும்பில் எந்த நிறத்தில் தோய்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

பேர் எழுதாத கத்தியைப் பார்க்கிறவருக்கு அது வெறும் கூரான இரும்பு. ஆயுதம் என்று ஒருவர் சொன்னால் மறுத்துச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுக் கடதாசி சட்டத்தின் முன் முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் "இது என்ன?" என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே பதில் தெரியாத நிலைக்கும், படத்தோடும் அளவோடும் வரலாற்றோடும் ஒரு பதிவு இருக்கிற நிலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அட்லாண்டாவில் மேசைக்கு மேசை போகிற சேகரிப்பாளர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்: யார் செய்தது, எந்த வருடம், யாரிடம் இருந்தது. பதிவு இருக்கிற கத்திக்கும் இல்லாத கத்திக்கும் விலை மடங்குக் கணக்கில் வேறுபடும். நமக்கு விலை பெரிசில்லை. முறையை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கத்திக்கு ஒரு அட்டை போதும். நீளம், அலகின் அகலம், முதுகின் தடிப்பு, நிறை. அலகில் குத்திய குறி எதுவானாலும் அப்படியே கீறிக்கொள்ளுங்கள்; மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் பதியும். எந்த வேலைக்கு, யார் பாவித்தார், கடைசியாக எப்போது தீட்டியது. செய்த கொல்லரின் பேரும் ஊரும் தெரிந்தால் கட்டாயம். அவர் தமிழராக இருக்கலாம், சிங்களவராக இருக்கலாம், முஸ்லிம் குடும்பத்து உழ்ஹிய்யாக் கத்தியைச் செய்தவர் யார் என்பதே ஒரு நல்ல வரலாறு. மரக்காம்பு என்ன மரம் என்று தச்சரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுத்தால் அளவுக்குச் சாட்சியாக இருக்கும். கைபேசியில் எடுத்ததை ஒரு தடவை அச்சிட்டும் வையுங்கள்.

பழைய கத்தியைப் பளபளப்பாக்கவும் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குறியும் போகும், காலத்தின் கருமையும் போகும், விலையும் போகும். சிவந்து பொடியாக உதிர்கிற கறளை மட்டும் எண்ணெயும் மெல்லிய துணியும் வைத்து எடுக்கலாம். இரும்போடு இறுகிக் கறுத்த படலம் அலகைக் காக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். தேங்காயெண்ணெய் பூசுவது நம்ம வழக்கம், ஆனால் அது நாள்பட்டால் பிசினாகிப் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் நல்லது. ஜப்பான்காரர் வாளுக்கு கராம்பு எண்ணெய் கலந்து பூசுவார்கள். கராம்பு விளைகிற நாட்டில் நமக்கு அது யோசனையாக வரவில்லை. தோல் உறைக்குள் வைத்து மறந்துவிடக்கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து அலகைத் தின்னும். உறையை வேறாக, அலகை வேறாக வைத்து, வாடைக்காற்று அடிக்கும் ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். துறைமுகத்துக் காற்றில் உப்பு இருக்கிறது, மூடிய பெட்டிக்குள்ளும் அது போகும்.

அட்டையை அலகோடு சேர்த்து வைக்க வேண்டாம், கடதாசியும் ஈரம் பிடிக்கும். அட்டையில் ஒரு இலக்கம் போட்டு, அதே இலக்கத்தை நூலில் கட்டிய சின்னத் துண்டில் எழுதிப் பிடியில் தொங்கவிடுங்கள். அட்டைகள் ஒரு பெட்டியில், பிரதி ஒன்று வீட்டில் வாசிப்பில் ஆசையுள்ள பிள்ளை ஒன்றின் கையில். என்னிடமுள்ள முதலாவது அட்டை ஒரு தாக்கத்திக்கு எழுதியது. நீளமும் நிறையும் எழுதி, "வயல் விற்ற வருடம் கடைசியாகப் பாவித்தது" என்று உம்மா சொன்னதைப் போட்டிருக்கிறேன். கொல்லர் பேர் என்ற இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.